துளியின் மஞ்சள் நூல்

இருட்டில் கையை விட்டது யார் என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மா விட்டாளா, குழந்தை உருவிக்கொண்டதா?

கண்காட்சியின் ஐந்தாவது கூடத்தில் விளக்கே கிடையாது. சுவர்களில் நிழல்கள் மட்டும் ஓடும். பறவை நிழல், ரயில் நிழல், கடைசியில் கூரையிலிருந்து இறங்கி வரும் ஒரு பிரம்மாண்டமான கையின் நிழல். கை இறங்கியபோது கூட்டம் மொத்தமும் "ஓ" என்றது. துளி கலகலவென்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். நிழல் மறைந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் குழந்தை இல்லை.

"துளி?"

இருட்டில் கையை நீட்டித் துழாவினாள்.

"துளிம்மா, விளையாடாதே. அம்மா பயந்துட்டேன் பாரு, வந்துடு."

இருட்டில் யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள். இன்னொருவர் போட்டார். பத்துப் பன்னிரண்டு வெளிச்சங்கள் தரையைத் துழாவின. காலணிகள் தெரிந்தன, கைப்பைகள் தெரிந்தன. பச்சை கவுன் போட்ட நாலு வயதுப் பெண் குழந்தை மட்டும் எங்கும் தெரியவில்லை.

அப்போது மணி நான்கு.

அதே நேரத்தில், கட்டடத்தின் மறுகோடியில் இருந்த சிற்றுண்டிச் சாலையில் இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. அக்காவின் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்திருந்தாள். அக்கா ஓவிய ஆசிரியை. ஏழாவது கூடத்தில் தரை முதல் கூரை வரை தொங்கும் பெரிய வலை அவளுடைய படைப்பு.

"ஏழு கூடம் பார்த்தியே, எதாவது ஒண்ணு மனசுல நின்னுதா, இல்லை எல்லாத்தையும் சந்தேகக் கண்ணோடதான் பார்த்தியா?" என்றாள் அக்கா.

"உடைஞ்ச ரேடியோவை எல்லாம் அடுக்கி மழைச் சத்தம் வர வச்சிருக்காங்களே, அது பரவாயில்லை. துருப்பிடிச்ச தகரத்தைச் சட்டம் போட்டு மாட்டினது எனக்குப் புரியல. எங்க ஸ்டேஷன் பின்னாடி நிறைய கிடக்கு, வேணும்னா எடுத்துக்கச் சொல்லு."

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு."

இன்ஸ்பெக்டர் தேநீரை ஒரு வாய் குடித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "அந்தக் கட்டில். ஆறாவது ரூம்ல இருக்கிறது."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிஜ ஆளுங்க தூங்கற மாதிரியே இருக்கு. முடி, நகம், கழுத்துல வேர்வை எல்லாம். ஆனா ஒண்ணு கேக்கறேன். அவ்வளவு பெரிய கட்டில்ல அந்த ஆளு ஒரு ஓரம், பொம்பளை ஒரு ஓரம். விழுந்துடுவாங்க போல இருக்கு. நடுவுல அத்தனை இடத்தை எதுக்கு விட்டு வச்சிருக்காங்க?"

"அந்த இடம்தான்டி சிற்பமே. மெத்தை நடுவுல சின்னதா ஒரு பள்ளம் இருக்குமே, கவனிச்சியா? அதைச் செஞ்சவருக்கு ஒரு பொண்ணு இருந்தா. அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. நாலு வயதுக் குழந்தை, பச்சை கவுன், துளி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தவர்கள் உடனே தகவல் சொல்லவும்.

அறிவிப்பு முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

வாசல் காவலாளி அடையாள அட்டையைப் பார்த்ததும் விறைத்து நின்றார்.

"இந்தப் பக்கம் குழந்தை எதுவும் வெளிய போச்சா?"

"இல்லைங்க. இது உள்ள வர்ற வழி மட்டும்தான். வெளிய போறது அந்தக் கடைசிக் கூடம் வழியா."

"கதவைச் சாத்துங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் உள்ள வரவும் வேண்டாம், வெளிய போகவும் வேண்டாம்."

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்தது. ஒரு கூடத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறி அடுத்ததற்குப் போக வேண்டும். ஐந்தாவது கூடத்தைத் தாண்டினால் ஒரு நடைவழி. அதன் இடப்பக்கம் மாடிப்படி, மேலே அலுவலகம். வலப்பக்கம் கட்டில் இருக்கும் ஆறாவது அறை. இன்ஸ்பெக்டர் ஓடியபோது அந்த அறையின் கதவு பூட்டியிருந்தது. 'விளக்குப் பழுது. சிறிது நேரத்தில் திறக்கப்படும்' என்று அட்டை தொங்கியது. நடைவழியின் முடிவில் ஏழாவது கூடம்.

வலையின் முன்னால் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்திருந்தது.

வலையின் விளையாட்டு எளிமையானது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டில் ஒரு நூல் கட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்குச் சிவப்பு, குழந்தைகளுக்கு மஞ்சள். வெளியேறும்போது அதை அவிழ்த்து வலையில் விரும்பிய இடத்தில் கட்டிவிட்டுப் போக வேண்டும். பத்து நாள் கூட்டம் கட்டிய நூல்கள், இடுப்புக்குக் கீழே மஞ்சளும் அதற்கு மேலே சிவப்புமாக, காற்றில் மெல்ல நடுங்கின. மேலே அங்கங்கே சில மஞ்சளும் உண்டு. அப்பாக்கள் தோளில் தூக்கிக்கொண்ட குழந்தைகள் கட்டியவை.

துளியின் அம்மா வலையின் அடியில் மண்டியிட்டு, கீழ் வரிசை மஞ்சள் நூல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். மருந்துக் கடையில் மருந்தாளர்.

"நுனியைச் சப்பிச் சப்பிப் பஞ்சாக்கி வச்சிருப்பா. பார்த்தா தெரியும். அது இங்க இருந்தா வெளிய போயிட்டான்னு அர்த்தம். இல்லைன்னா உள்ளதான் இருக்கா. இருக்கக் கூடாது. இங்க இருக்கக் கூடாது..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் மண்டியிட்டாள். வெளிக்கதவில் நிற்கும் காப்பாளரும் குனிந்து தேடினார்.

"நீங்க இங்கேயேதான் நின்னீங்களா?" என்று அவரைக் கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"நின்னேன் மேடம். ஆனா இப்பத்தான் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வெளிய போச்சு. நாப்பது பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். அதுல ஒரு பிள்ளை கூடுதலாப் போயிருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

படிகளில் தடதடவென்று சத்தம் கேட்டது. நல்ல உயரமான ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை ஆட, மூச்சிரைக்க ஓடி வந்தாள். கண்காட்சியின் ஒருங்கிணைப்பாளர்.

"அண்ணி! மைக்குல துளின்னு கேட்டதும் எனக்கு உசிரே போயிடுச்சு. நம்ம துளியா?"

"நெட்டை, குழந்தையைக் காணோம்டி!" என்று அம்மா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இருவரும் கல்லூரித் தோழிகள். 'நெட்டை' என்பது அந்தக் காலத்துப் பட்டப்பெயர். தோழியின் அண்ணனைத்தான் துளியின் அம்மா கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கல்யாணம் முறிந்து இரண்டு வருடம் ஆகியும் இவர்கள் பழக்கம் முறியவில்லை.

"இன்னைக்கு வர்றோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மேல ஆபீஸ்லயே உட்கார்ந்திருந்தேன். நீங்க ரெண்டு பேரும் வந்திருக்கிறதே எனக்குத் தெரியாது" என்றாள் ஒருங்கிணைப்பாளர். சொல்லிக்கொண்டே வலையின் மேல் கண்ணை ஓட்டினாள். சட்டென்று கையை நீட்டினாள்.

"அண்ணி, இதோ! இதோ இருக்கு! நுனி பாருங்க."

சிவப்பு நூல்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் நூல். அதன் நுனி பிரிந்து பஞ்சாகியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அவளோடதுதான். ஐயோ, வெளிய போயிட்டாளே! ரோட்டுக்குப் போயிட்டாளே!"

ஒருங்கிணைப்பாளர் நூலை அவிழ்க்கப் போனாள்.

"கை வைக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

அதைக் கேட்க யாரும் அங்கே நிற்கவில்லை. கூட்டம் வெளிக்கதவை நோக்கிப் பாய்ந்தது. இன்ஸ்பெக்டரும் ஓடினாள். ஆனால் ஏதோ ஒன்று, பல்லிடுக்கில் மாட்டிய நார் போல, அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

வெளியே நான்கு வழிச் சாலை. பேருந்துகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து ஜீப் வந்தது. காவலர்களில் மூத்தவர் முறுக்கிய மீசைக்காரர், ஊரில் எல்லாருக்கும் அவர் 'மீசை'தான். இன்ஸ்பெக்டர் அவரைக் கட்டடத்துக்குள் அனுப்பினாள்.

"மாடி, கழிவறை, சாமான் அறை, ஒண்ணு விடாம பாருங்க. சாவி அந்த ஒருங்கிணைப்பாளர்கிட்ட இருக்கும், அவங்களையும் கூட்டிக்கோங்க."

"நூல் கிடைச்சிடுச்சே மேடம். குழந்தை வெளியிலதானே இருக்கும்?"

"நூல்தானே கிடைச்சிருக்கு. போங்க."

பள்ளிக்கூடப் பேருந்தை வழிமறித்துப் பார்த்தாயிற்று. பச்சை கவுன் இல்லை. ஓடை ஓரம், பேருந்து நிறுத்தம், பக்கத்துக் கடைகள், எங்கும் இல்லை. ஆனால் எதிர்க்கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஒருவனைக் காவலர் ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். அவனைப் பார்த்ததும் துளியின் அம்மா வெறி பிடித்தவள்போல் பாய்ந்தாள்.

"எங்க என் குழந்தை? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? குழந்தை யார்கிட்டன்னு திங்கக்கிழமை கோர்ட்ல தீர்ப்பு. அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடலாம்னு பார்த்தீங்களா?"

அவன் துளியின் அப்பா. பேருந்து ஓட்டுநர். கன்னத்தில் ஏற்கெனவே யாரோ அறைந்த தடம். நுழைவுச் சீட்டு அறையில் அவனை உட்கார வைத்தார்கள்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"குழந்தையைப் பார்க்க."

"தூணுக்குப் பின்னாடி நின்னா?"

"தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போயிடலாம்னு. திங்கக்கிழமைக்கு அப்புறம் எப்பப் பார்ப்பேனோ தெரியாது. பக்கத்துல போனா அவ அம்மா சத்தம் போடுவா. குழந்தை பயந்துடும்."

"பார்த்தீங்களா?"

"உள்ள போறப்போ பார்த்தேன். அம்மா கையைப் பிடிச்சுக் குதிச்சுக் குதிச்சுப் போனா." அவன் வெளிக்கதவுப் பக்கம் கையைக் காட்டினான். "வெளிய வரவே இல்லை மேடம். கதவை விட்டுக் கண்ணை எடுக்கல நான். அந்தப் பிள்ளைங்க கூட்டத்துல எம் பொண்ணு இல்லை. எத்தனை கூட்டத்துல இருந்தாலும் எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு அவங்க வர்றாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவன் அறை விழுந்த கன்னத்தைத் தடவினான்.

"கேக்கறேன் இல்ல?"

"யாரும் சொல்லல."

"தானாத் தெரிஞ்சுதா?"

அவன் தரையைப் பார்த்தான். வாயைத் திறக்கவே மாட்டான் என்பது தெரிந்தது. யாரையோ காட்டிக்கொடுக்க மனமில்லாத பிடிவாதம் அது. இன்ஸ்பெக்டர் அதை நிறையப் பார்த்திருக்கிறாள். பொய் சொல்பவர்கள் இப்படித் தலை குனிய மாட்டார்கள், நிறையப் பேசுவார்கள்.

மீசை வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மேடம், எல்லா இடமும் பார்த்தாச்சு. மாடியில ஆபீஸ், கழிவறை, பெட்டி அடுக்கியிருக்கிற அறை, பூட்டியிருந்த ஆறாவது ரூம், எதையும் விடல. ஒவ்வொண்ணா அந்த நெட்டை மேடமே திறந்து காட்டினாங்க. பாவம், அழுதுட்டே வந்தாங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இந்த ஊர்ல என்னென்ன செஞ்சு வச்சிருக்காங்க! கட்டில்ல மூணு பொம்மை போர்த்திட்டுத் தூங்குது. எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியுது. கிட்டப் போய்ப் பார்க்கலாம்னா, எல்லாம் மெழுகு, சுத்திக் கட்டியிருக்கிற கயித்தைத் தாண்டாதீங்கன்னுட்டாங்க."

"சரி. ரோட்டுக் கடைசி வரைக்கும் ஆள் அனுப்புங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். அவள் மனம் வேறெங்கோ இருந்தது.

துளியின் அம்மா வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். இன்ஸ்பெக்டரின் அக்கா அவள் தோளைப் பிடித்திருந்தாள். குழந்தையின் ஒரு சின்னக் காலணி அவள் மடியில் கிடந்தது. நிழல் கூடத்தில் யாரோ கண்டெடுத்துக் கொடுத்தது.

"இது எப்படிக் கழண்டுச்சு?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள்.

"லேஸ் அவிழ்ந்திருக்கும். நான்தான் கட்டிவிடுவேன். அவளுக்கு முடிச்சுப் போட வராது. ரெண்டு நுனியையும் பிடிச்சு முறுக்கிட்டு, கட்டிட்டேம்மான்னு சொல்லுவா..."

பேச்சு பாதியில் நின்றது. அவளும் இன்ஸ்பெக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, என்கூட வா."

ஏழாவது கூடம் காலியாக இருந்தது. வலையின் முன் இன்ஸ்பெக்டர் நின்றாள். பஞ்சு நுனி மஞ்சள் நூல் அதே இடத்தில் தொங்கியது. அதைத் தொட அவள் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ரெட்டை முடிச்சுடி. இறுக்கிக் கட்டியிருக்கு. நாலு வயசுக் குழந்தை கட்டினது இல்லை."

"யாராவது தூக்கிப் பிடிச்சு, அவங்களே கட்டிவிட்டிருந்தா?"

"அப்படிக் கட்டிவிட்டவங்க ஏன் இன்னும் வந்து சொல்லல?"

"அதான். அப்போ குழந்தை இங்க வரவே இல்லை. நூல் மட்டும் வந்திருக்கு." இன்ஸ்பெக்டர் வேகமாகப் பேசினாள். "நாம எல்லாரும் ரோட்டுக்கு ஓடணும்னு யாரோ நினைச்சிருக்காங்க. எதுக்கு? குழந்தை ரோட்டுல இல்லை. அப்பன்காரன் கதவை விட்டுக் கண்ணை எடுக்கலன்னு சொல்றான். அவன் சொல்றது நிஜம். குழந்தை உள்ளதான் இருக்கு."

"ஆனா உங்க ஆளுங்க எல்லா ரூமையும் பார்த்தாச்சுன்னு..."

இன்ஸ்பெக்டர் சட்டென்று அக்காவின் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"அக்கா. அந்தக் கட்டில்ல எத்தனை பொம்மை?"

"ரெண்டு. நீதான் பார்த்தியே. நடுவுல..."

அக்கா முடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஓடத் தொடங்கியிருந்தாள்.

ஆறாவது அறை மறுபடி பூட்டியிருந்தது. அவள் சாவிக்குக் காத்திருக்கவில்லை. மீசையும் இன்னொரு காவலரும் தோளால் மோதினார்கள். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

மங்கலான மஞ்சள் விளக்குகள் நேராகக் கட்டிலின் மேல் விழுந்தன. ஆண் ஒரு ஓரம், பெண் ஒரு ஓரம். மெழுகு பூசிய கனத்த போர்வை கழுத்து வரை. நடுவில் பள்ளம் இல்லை. போர்வை அங்கே சற்று மேடாக எழுந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு பிடி கறுப்பு முடி மட்டும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் கயிற்றைத் தாண்டிப் போர்வையைப் புரட்டினாள். மெழுகு படபடவென்று வெடித்து உதிர்ந்தது.

துளி குப்புறக் கிடந்தாள். பச்சை கவுன் முதுகோடு ஒட்டியிருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. முகம் சிவந்து, உதடுகள் மட்டும் வெளுத்திருந்தன.

"துளி! துளிம்மா!"

அசைவில்லை. இன்ஸ்பெக்டர் மூக்கருகே விரலை வைத்தாள். ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்லிய சூடு விரலைத் தொட்டது.

"மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸ்! ஓடுங்க!"

அம்மா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. குழந்தையை வாங்கி, நடைவழியின் குளிர்ந்த தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயை முகர்ந்தாள்.

"சளி மருந்து. தூக்கம் வர்ற ரகம். இந்த வயசுக்குக் கொடுக்கவே கூடாது. தினம் நான் விக்கறது, வாசனை தெரியாதா?" யாரோ கொடுத்த துணியை நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் வைத்தாள். "மூச்சு எண்ணணும். யாராவது கடிகாரத்தைப் பாருங்க."

அக்கா மண்டியிட்டுக் கடிகாரத்தைப் பிடித்தாள்.

அப்பாவை அழைத்து வரச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். அவன் வந்து, குழந்தையைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தின் பின்னால் ஒருங்கிணைப்பாளர் நின்றாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றாள் இன்ஸ்பெக்டர் அவளிடம். "நூல் தேடினப்போ நாங்க எல்லாரும் எங்க தேடினோம்?"

"என்னது?"

"குழந்தையோட அம்மா தரையில மண்டியிட்டுத் தேடினாங்க. நான் மண்டியிட்டேன். வெளிக்கதவுக் காப்பாளர் குனிஞ்சார். நாலு வயசுக் குழந்தை கட்டின நூல் வேற எங்க இருக்கும்? நீங்க ஒருத்தர்தான் வந்ததும் மேல பார்த்தீங்க. உங்க கண்ணுக்கு நேர இருந்த ஒரே ஒரு நூலை, நூத்துக்கணக்கான நூலுக்கு நடுவுல, ஒரு நிமிஷத்துல எடுத்துக் காட்டினீங்க."

"நுனி சப்பியிருந்துது, அதான் கண்ணுல பட்டுச்சு. அவ எப்பவும் அப்படித்தான்."

"இன்னைக்கு அவ வந்ததே உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. அப்புறம் உங்க அண்ணனுக்கு யார் சொன்னது?"

ஒருங்கிணைப்பாளர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் முதலில் கேள்விதான் இருந்தது. பிறகு அது மாறியது.

"நீதானே போன் பண்ணினே?" என்றான் அவன் மெதுவாக. "டிக்கெட் பதிவுல அவங்க பேரைப் பார்த்தேன், தூரமா நின்னு ஒரு தடவை பார்த்துக்கோண்ணான்னு நீதானே சொன்னே? உன் பேர் வெளிய வரக்கூடாதுன்னு நான் அடி வாங்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"இந்த ரூமுக்கு விளக்குப் பழுதுன்னு அட்டை மாட்டினது நீங்க" என்று தொடர்ந்தாள் இன்ஸ்பெக்டர். "எல்லா விளக்கும் எரியுது. மைக்குல சொல்றதுக்குள்ள குழந்தையைப் படியேத்தி ஆபீசுக்குக் கொண்டுபோயாச்சு. அத்தை கூப்பிட்டா குழந்தை சத்தம் போடுமா? மருந்தைக் கொடுத்துத் தூங்க வச்சுட்டு, அந்தப் பள்ளிக்கூடக் கூட்டத்தோட கூட்டமா நூலைக் கட்டிட்டு, திரும்ப மேல போய், அங்கயிருந்து ஓடி வர்ற மாதிரி வந்தீங்க. நாங்க ரோட்டுல அலைஞ்ச நேரத்துல கீழ கொண்டுவந்து இந்தக் கட்டில்ல படுக்க வச்சீங்க. போலீஸ் தேடி வந்தப்போ நீங்களே கதவைத் திறந்து விட்டுட்டு, கயித்தைத் தாண்டாதீங்கன்னு சொன்னீங்க. இந்தக் கட்டில்ல ரெண்டு பேர்தான்னு எங்க ஆளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் மூணுன்னு சொன்னப்போ என் காதுல விழுந்தும் மூளைக்கு ஏறல. ஏறியிருந்தா இந்தக் குழந்தை இன்னும் சீக்கிரம் வெளிய வந்திருக்கும்."

மீசை தலை குனிந்தார்.

ஒருங்கிணைப்பாளர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு மணி நேரம்தான். இருட்டினதும் நானே கண்டுபிடிச்ச மாதிரி தூக்கிட்டு வந்து கொடுத்திருப்பேன். அண்ணன் ஒரு தடவை பார்த்துக்கட்டும்னுதான் கூப்பிட்டேன், அவனைப் பிடிப்பாங்கன்னு தோணல. பொது இடத்துல குழந்தையைத் தொலைச்ச அம்மான்னு திங்கக்கிழமை வக்கீல் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அண்ணனுக்கு வாரத்துல ரெண்டு நாளாவது கிடைக்கும். அவன் ராத்திரியில சாப்பிடறதே இல்லை அண்ணி. உங்களுக்குத் தெரியாது. குழந்தையோட பழைய சட்டையைத் தலைமாட்டுல வச்சுட்டுப் படுக்கறான். நான் எத்தனை நாள் பார்த்துட்டு இருக்க முடியும்?"

துளியின் அம்மா குழந்தையின் மார்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் போர்வைக்குள்ள காத்து போகாதுன்னு உனக்குத் தோணவே இல்லையாடி?" என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு தடவையாவது வந்து பார்த்தியா?"

"வெளிய போலீஸ் நின்னுது. உள்ள வர முடியல."

"எனக்காகத்தான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்றான் அவள் அண்ணன். "நான் கேக்கல. உன்னைக் கேட்டேனா?"

ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தையின் முகத்தில் பிராணவாயு மூடியைப் பொருத்தித் தூக்கினார்கள். பின்னால் ஒருவர்தான் ஏறலாம் என்றார் உடன் வந்தவர். அம்மா ஏறினாள். அப்பா கதவருகே நின்றான். கதவு மூடப்போகும் நேரத்தில் அவள் அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"முன்னாடி டிரைவர் பக்கத்துல இடம் இருக்கும். ஏறுங்க."

அவன் ஓடினான்.

காவல் நிலையத்தில் ஒருங்கிணைப்பாளர் சுவர் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாராவது வாசலைத் தாண்டினால் நிமிர்ந்து பார்த்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரின் மேசையில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் துளியின் அம்மா.

"கண்ணைத் திறந்துட்டா மேடம். டாக்டர் பயப்பட ஒண்ணும் இல்லைங்கறார். ஒரு ராத்திரி மட்டும் வச்சிருந்து பார்க்கணுமாம். அவ அப்பா மடியிலதான் படுத்திருக்கா."

"நல்லது. ரொம்ப நல்லது."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முழிச்சதும் முதல்ல என்ன கேட்டா தெரியுமா மேடம்? நான் நல்லா ஒளிஞ்சிருந்தேனா, அத்தை என்னைக் கண்டுபிடிச்சாங்களான்னு கேக்கறா. சத்தமே போடாம இருந்தா, நாளைக்கும் விளையாடலாம்னு அத்தை சொன்னாங்களாம். அவளுக்கு நான் என்ன சொல்ல?"

"நான் காலையில வந்து பார்க்கறேன்" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் தொலைபேசியை வைத்தாள். பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண்கள் இன்ஸ்பெக்டரின் முகத்தையே துழாவின.

"முழிச்சுட்டாளா?"

"முழிச்சுட்டா."

"எதாவது கேட்டாளா? என்னைப் பத்தி எதாவது?"

இன்ஸ்பெக்டர் தண்ணீர்த் தம்ளரை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றாள். "உட்காருங்க. தண்ணியைக் குடிங்க."